ஏழுக்கு மேல் சிவப்பு

குறுக்கே நாற்பத்தொன்று: எங்கள் நீர் வாரியம் செய்யும் வேலைகள்.
நெடுக்கே அறுபத்துமூன்று: அவற்றைத் தாங்கும் மென்பொருள்கள்.
எனக்கு முன் இருந்த யாரோ
எல்லாவற்றுக்கும் பறவைப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
நாரை வரி வசூலிக்கும்.
ஆட்காட்டி கரைகளைக் கவனிக்கும்.
மீன்கொத்தி என்ன செய்கிறதென்று
மூன்று கூட்டம் போட்டும் தெளியவில்லை.
நிறுத்திப் பார்க்க யாருக்கும் துணிச்சலில்லை.

இந்த வேலை அந்தப் பறவையை
எத்தனை வழியில் நம்பியிருக்கிறது?
கட்டத்துக்கு ஓர் எண்.
ஏழுக்கு மேல் சிவப்பு, நாலுக்கு மேல் மஞ்சள்,
மிச்சம் வெளிர்பச்சை,
ஒன்றுமில்லையென்றால் வெள்ளை.
ஏன் ஏழு என்று யாரும் கேட்கவில்லை.
ஒரு செவ்வாய் மதியம், பசியோடு, நான் வைத்த ஏழு.

லேவார்டன் அலுவலகத்தின் நீளச் சுவரில்
படத்தை ஒட்டினேன்.
கீழே கால்வாயில் பனிக்கட்டி பாதி உடைந்து கிடந்தது.
பரீட்சை முடிவு பார்ப்பதுபோல்
அவரவர் வரிசையை விரலால் தேடினார்கள்.
கணக்குப் பிரிவு சீட்ஸ்கேக்கு முகம் சுண்டிவிட்டது:
"நாங்கள் இவ்வளவு மோசமா?"
கரைப் பிரிவு ஊகேக்கு வாயெல்லாம் பல்:
"சிவப்பென்றால் பணம் ஒதுக்குவார்கள்."

இயக்குநர் வீப்ரன் கடைசியாக வந்தார்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.
"வியாழன் ஆட்சிக்குழு. கொஞ்சம் ஆறட்டுமே."
ஏழை அழித்து ஒன்பது என்று அடித்தேன்.
சுவரில் பாதி மஞ்சளாயிற்று.
கட்டடத்துக்குள் ஒரு கம்பிகூட நகரவில்லை.
ஜுரமானியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டுக்
காய்ச்சல் விட்டது என்று
கையெழுத்துப் போட்டோம்.

புதன் இரவு வடமேற்குக் காற்று.
நாரை நன்றாக இருந்தது. ஆட்காட்டி விடாமல் கத்தியது.
சிவந்திருந்தவை எல்லாம் சொன்ன வேலையைச் செய்தன.
பம்புகள் மட்டும்
நேற்றைய அலைநேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

தேடிப் போனால், வெள்ளைக் கட்டம்.
பம்ப் அட்டவணைக்கும் மீன்கொத்திக்கும் நடுவே
கோடு இல்லை, ஆகவே எண் இல்லை, ஆகவே நிறமில்லை.
இரண்டாம் மாடி டௌவே
தினமும் மாலை ஐந்தரைக்கு
ஒரு பென்டிரைவில் கடல் அலை நேரங்களை ஏற்றி
எட்டு அடி நடந்து
அடுத்த மேசைக் கணினியில் செருகுவாராம்.
பதினொரு வருடமாக.
அன்று கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தார்.

வாயில் பஞ்சோடு வந்தார். செருகினார்.
இரண்டு வயல் ஆடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன,
அவ்வளவுதான் சேதம்.

விடிந்ததும் ஒன்பதை மறுபடி ஏழாக்கினேன்.
வீப்ரன் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.
வெள்ளைக் கட்டத்துக்கு என்ன நிறம் போடுவது?
ஒற்றை ஆளுக்கு என் நிறப்பட்டியலில் இடமில்லை.
பென்சிலால் டௌவே என்று எழுதினேன்.

வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி அவர் வந்து நின்றார்.
"அழித்துவிடுங்கள்" என்றார்.
"மே மாதம் டெர்ஸ்கெலிங் தீவுக்குப் போகிறேன்.
இதைப் பார்த்தால் விடுப்புத் தர மாட்டார்கள்."

அழித்தேன்.
பென்சில் அழுத்திய பள்ளம் தாளில் இருக்கிறது.
வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் படிக்கலாம்.
கூட்டம் ஒன்பதரைக்கு.
அந்த நேரம் அந்தச் சுவரில்
வெளிச்சம் பக்கவாட்டில்தான் விழும்.