ஏழாவது ரீல்

பள்ளிப்பட்டு தாண்டி, நகரி ரோட்டில்
லாரி ஏறி நிற்கும் எடைமேடை இருக்கிறதே,
அந்த இரும்புத் தகட்டுக்கு நேர் கீழே
பெண்கள் தரை டிக்கெட்.
நாற்பது பைசா.

உரிமம் ஓராண்டுக்குத்தான்.
'தற்காலிகம்' என்று ரப்பர் முத்திரை.
பதினேழு முறை புதுப்பித்தார் வரதய்யா,
ஒவ்வொரு முறையும் ஒரு கம்பத்தைப் பிடுங்கி
அதே குழியில் நட்டு.

படப்பெட்டி ரயிலில் நகரி வரும்.
அங்கிருந்து முனிரத்தினத்தின் சைக்கிள்.
அரிசி கடத்துகிறானா என்று
சாவடியில் டப்பாவைத் தட்டிப் பார்ப்பார்கள்.
தட்டும் சத்தத்திலேயே
சண்டைப்படமா என்று சொல்லிவிடுவாராம் ஏட்டு.

ஒரு மழைநாள் ஸ்டேஷனில்
அந்த ஊர்க் கொட்டகைப் பெட்டியும் நம்முடையதும்
ஒரே தார்ப்பாய்க்குள் ஒதுங்கின.
ராத்திரி ஏழாவது ரீல்
தெலுங்கில் ஓடியது.

சாட்சிக்கூண்டுப் படிவரை தமிழ் பேசிய தாய்
கூண்டில் ஏறியதும் தெலுங்கில் அழுதாள்.
யாரும் விசிலடிக்கவில்லை.
தரையில் இருந்த பாதிப்பேர் வீட்டில்
அப்படித்தான் அழுவார்கள்.
பெஞ்சிலிருந்து ஒருவர் மட்டும் கேட்டார்:
"ஜட்ஜுக்குப் புரியுதாய்யா?"

பதினெட்டாம் வருஷம்
கம்பத்தைப் பிடுங்கினார் வரதய்யா.
நடவில்லை.
ஏனென்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்;
கடன், டிவி, மருமகன்.

நம் ஏழாவது ரீல்
அன்று நகரியில் ஓடியிருக்கும்.
அங்கே அவள் தமிழில் அழுதபோது
என்ன செய்தார்கள்?
அந்த ஊரில் பெண்ணெடுத்து முப்பது வருஷம்.
மாமனார் அப்போது பால்கனி டிக்கெட் கிழித்தவர்.
கேட்க வேண்டும் என்று
அவர் காரியத்தன்றுதான் தோன்றியது.