பதினோரு தெரு சுற்றி

சமையலறை மேசைதான் என் அலுவலகம்:
ஒரு பழைய மடிக்கணினி, எழுதாத பேனா இரண்டு,
யாரோ பாதி கடித்து வைத்துப் போன ரொட்டி.
வெளியே டுலூத் நகரத்தின்மேல் பனி கொட்டுகிறது.
ஏரி இருக்கும் திசையில் ஏரியைக் காணோம்.

கோர்லிஸ் எதிரே உட்காருகிறாள்.
படிவம் கேட்கிறது:
கடந்த நான்கு ஆண்டுகள் எங்கே வேலை பார்த்தீர்கள்?
"உயிரோடு இருந்தேன்," என்கிறாள்.
"முழுநேர வேலை. ஓவர்டைம் உண்டு, லீவு கிடையாது."
எழுதட்டுமா என்றேன்.
சிரிக்கிறாள்; இல்லாத முன்பல்லை மறைக்கக்
கை தானாக வாய்க்கு ஏறுகிறது.
அந்தக் கையை மடியிலேயே கிடக்கப் பழக்கத்தான்
எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

மாடிப்படிக்கு அடியில் கறுப்புக் கோட்டு ஒன்று.
ஒன்பது பெண்கள், ஒரே கோட்டு.
ஜினெல்லுக்கு இறுக்கம், இவளுக்குத் தொளதொள.

முதியோர் இல்லம் பின்னணி விசாரிக்கிறோம் என்றது,
பிறகு வாயே திறக்கவில்லை.
ஓட்டலில் இரவு ஷிஃப்ட் மட்டும்தான்;
எங்கள் கதவோ ஒன்பதுக்குப் பூட்டிவிடும்.
கிடங்குக்குப் பஸ் போகாது.

நான்காவது, மருத்துவமனைத் துணி வெளுக்கும் ஆலை.
மேலாளர் கோட்டைப் பார்க்கவேயில்லை.
காலை ஐந்துக்கு வர முடியுமா?
"மூன்றரைக்கே விழித்துத்தான் கிடக்கிறேன்" என்றாளாம்.

வேலை கிடைக்காத நாளுக்கு
என்னிடம் ஆறுதல் தயாராக இருக்கும்.
சம்பள நாளுக்குத்தான் ஒன்றுமில்லை.
என் முதல் சம்பளம் என்னை எங்கே கூட்டிப்போனதோ
அதற்காக என் தங்கை இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இரண்டாம் வெள்ளி. கோர்லிஸ்
காலுறைக்குள்ளிருந்து காசோலையை எடுத்தாள்,
நாலாக மடித்தது, சூடாக இருந்தது.
"இதை நீ வைத்துக்கொள்."
மாட்டேன். கூட வருகிறேன்.

வங்கிக்கு மூன்றே தெரு.
நடுவில் மஞ்சள் கதவு வைத்த ஒரு வீடு:
அவளுக்கு அந்தக் கதவைத் தெரியும்,
கதவுக்கும் அவளைத் தெரியும்.
இருவரும் பேசிவைக்காமலே இடப்பக்கம் திரும்பினோம்,
மேட்டில் ஏறி, பதினோரு தெரு சுற்றி.

வழியெல்லாம் ஆலையைப் பற்றியே பேசினாள்.
மடிக்க மெஷின் உண்டாம்,
இவள் வேலை கறை தேடுவது.
கறை இருந்தால் திரும்ப உள்ளே போடணும்,
அவ்வளவுதான்.
"ஏன் அழுக்கானாய் என்று
விரிப்பைப் பிடித்து யாரும் கேட்பதில்லை."

வாடகைக்கு ஒரு பங்கு, பல்லுக்கு ஒரு பங்கு,
இருபது டாலர் மட்டும் கையில்.
கவுண்ட்டரில் இருந்த பெண் வேறேதும் வேண்டுமா என்றாள்.
கோர்லிஸ் சிரித்தாள்;
கை பாதி தூரம் எழும்பி
பேனாவை எடுத்துக்கொண்டது.

வெளியே வந்து கேட்டாள்:
"திரும்பும்போது நேர்வழியில் போகலாமா?"
நான் வாய் திறக்குமுன் அவளே,
"இல்லை. இன்னும் இல்லை."

என் பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.
சொல்லவில்லை.
மறுபடி மேட்டில் ஏறினோம்.