மூன்று முழம்

செவலையைத் தீண்டியது கண்ணாடி விரியன்.
டிவிஎஸ் எக்ஸெல் முன்னால் உரச்சாக்கு,
சாக்குக்குள் அது.
பண்ருட்டி ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி. நாற்பத்தியொரு பெட்டி.
எண்ணியிருக்க வேண்டாம்.

வேட்டை நாய் என்றால் முயலுக்கில்லை,
முயலைத் தொட்டால் வனத்துறை என்னைத் தொடும்.
முந்திரிக்கு ஊடே போட்ட மல்லாட்டையை
எலி தின்கிறது, அதற்குத்தான்.
எலி வெட்டிய வளையில்
விரியன் குடியேறும்.
வாடகை கேட்க
முதலில் உள்ளே போவது மூக்கு.

செவலைக்கு நான் சொன்னதெல்லாம்
போ
பிடி
விடாதே.
அது விடவில்லை.

அது போட்டதில் மிஞ்சியது ஒரு குட்டி.
பேர் அப்புறம், முதலில் பயம் என்றேன்.

முத்தாண்டிக்குப்பத்தில் யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும்
தீயணைப்பு வண்டிக்கு முன்னால் வருகிறவள் அஞ்சலாட்சி.
"கண்ணுல காட்டாதே,
கண்ணால பயந்த நாய் இருட்டுல சாவும்.
மோப்பத்துல காட்டு" என்றாள்.
ராத்திரி முழுக்க விரியன் படுத்திருந்த
மஞ்சள் பையைத் தந்தாள்.
அதன்மேல் யாரோ மணமக்கள்
அழியாமல் சிரித்தார்கள்.

முதல் நாள்
முந்திரிச் சருகுக்குள் பையை ஒளித்துவைத்தேன்.
குட்டி அதைக் கவ்விக்கொண்டு வந்து
என் காலடியில் போட்டு வாலாட்டியது.
இரண்டாம் நாள் கயிற்றைச் சுண்டினேன்.
மூன்றாம் நாள் சுண்டினேன், தகர டின்னையும் தட்டினேன்.
ஐந்தாம் நாள் அது அழுத அழுகையில்
பக்கத்துத் தோப்புக்காரன் வந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனான்.
பன்னிரண்டாம் நாள்
பைக்கு மூன்று முழம் இருக்கும்போதே நின்றது.
காது பின்னுக்கு மடிந்து,
முன்னங்கால் ஒன்று தரையில் படாமல்.

சபாஷ் என்று தடவக் கை நீட்டினேன்.
கைக்கும்
மூன்று முழம்.

தினமும் பையை எடுத்து வைத்த கை.
சீயக்காய் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன்,
டீசலில்கூடக் கழுவினேன்.
மோந்து பார்த்தால் எனக்கு
பீடியும் யூரியாவும்தான் தெரிகிறது.
சித்திரை வைகாசியில் கொட்டை உடைத்து
எண்ணெய் பட்ட விரல்கள் எல்லாம்
தோல் தோலாக உரிகின்றன.
குட்டியைக் குறை சொல்ல முடியாது,
நானும்தான் சட்டை கழற்றுகிறேன்.

சோற்றை வைத்துவிட்டு
நான் கிணற்றடிக்குப் போன பிறகு தின்கிறது.
தில்லைநாயகி முழங்காலில் மட்டும்
மோவாயை வைத்துக்கொள்கிறது.
"நல்லாத்தான் பழக்கியிருக்க" என்கிறாள் அவள்,
சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத குரலில்.

ஆனி பிறந்து நாலாம் நாள்.
நெய்வேலி விளக்குகள் வானத்தின் அடியைச்
சிவப்பாக்கத் தொடங்கிய நேரம்.
தானே புயலுக்குப் பின் வைத்த ஒட்டுமரங்களுக்கு நடுவே
அது முன்னால், நான் பின்னால்.
டார்ச்சில் பேட்டரி சாகக் கிடந்தது.
சட்டென்று நின்றது.
காது பின்னுக்கு. முன்னங்கால் ஒன்று மேலே.
முன்னால் இருப்பதற்கா
பின்னால் வரும் எனக்கா?
தெரியாமல் நானும் நின்றேன்.

சருகுக்குள்
குக்கர் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம்.

அது பக்கவாட்டில் சுற்றியது.
அது மிதித்த இடத்தையே மிதித்து நானும் சுற்றினேன்.
வரப்பு ஏறியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது,
வருகிறேனா என்றோ
எவ்வளவு கிட்டத்தில் வருகிறேன் என்றோ.

வீட்டில் தில்லைநாயகி
அதன் காதில் குனிந்து
ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.
வால் முற்றத்தைப் பெருக்குகிறது.
என்ன பேர் என்று
நான் நிற்கும் தூரத்துக்குக் கேட்கவில்லை.