மே மாதம் எழுத மாட்டேன்

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே
கம்பளி நூல் விற்கும் சோல்வா,
பெயர் பதிகிறவர்களுக்குப் போகும் முதல் மின்னஞ்சலை
மூன்று இரவு உட்கார்ந்து எழுதினாள்.

"மாதம் ஒரு கடிதம், முதல் வியாழன்.
புதுச் சாயம் வந்தால் சொல்வேன்,
வராவிட்டால் மழையைப் பற்றி இரண்டு வரி.
மே மாதம் எழுத மாட்டேன்.
ஆடுகள் குட்டி ஈனும் மாதம், கை ஒழியாது.
அனுப்புவது இயந்திரம்தான், பொய் சொல்வானேன்.
எழுதுவது நான்."

தள்ளுபடி என்ற சொல்லைப் போட்டுப் பார்த்து
எடுத்துவிட்டாள்.

நான்கு வருடம் வாக்குப் பிசகவில்லை.
இந்த மே, ஒரு ஞாயிறு விடிகாலை,
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போனது:
"அன்புள்ள முதற்பெயர் அவர்களே,
இன்றே கடைசி!"

பதினேழு பேர் சொல்லாமல் விலகினார்கள்.

பெர்கனிலிருந்து தோர்லைஃப்,
கப்பலில் சமைத்து ஓய்ந்தவர்,
இதுவரை ஒரு பந்து நூல்கூட வாங்காதவர்,
பதில் போட்டார்:
"மே மாதம் எழுத மாட்டேன் என்றீர்களே.
ஆடுகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?"

தொழுவத்தில், முழங்கை வரை ஈரம்.
கைபேசியை மூக்கால் தள்ளித் தள்ளிப் படித்தாள்.
கையைத் துடைத்தாள். சரியாகத் துடைக்கவில்லை.

"ஆடுகள் நலம்.
தேதியைக் குறித்ததில் நான்தான் பிசகினேன்.
இப்போதுதான் இரட்டை.
ஒன்று கறுப்பு,
இன்னும் எழுந்து நிற்கவில்லை."