வலிமை அறுபத்திரண்டு, தரம் பூஜ்ஜியம்

மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு
படத்தை நிறுத்திவிட்டார்கள்.
திரையில் ஒரே ஒரு வாசகம்:
தயவுசெய்து தொடர்புகொள்ளவும்.
தர்வின் அதையே இரண்டு நாள் பார்த்தான்,
அதற்குள்ளும் ஒரு கதை இருக்கும் என்பதுபோல.

பகாவ் சந்தைக்குப் பின்னால்
செம்பனையை வெட்டிக் கட்டிய வரிசையில் எங்கள் வீடு.
வாடகைக்கு வந்த அன்றே கூரையில் இருந்தது ஏரியல்,
யாரோ சாப்பிட்டுப் போட்ட கெம்போங் மீனின் முள்.
முன்பு குடியிருந்தவர்கள்
கதவுக் கொக்கியைக்கூடக் கழற்றிக்கொண்டு போனவர்கள்.
இதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஹார்ட்வேர் கடை ஆ லெங் ஒயரின் நுனியை
மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தான்.
"பழசு போதும் தங்கச்சி. டப்பா மட்டும் வாங்கு.
எண்பத்தஞ்சு வெள்ளி. மாசா மாசம் ஒண்ணும் கிடையாது."
கடைசி வாக்கியத்தை
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

டப்பாவின் மெனுவில் இரண்டு கோடுகள்.
வலிமை அறுபத்திரண்டு.
தரம் பூஜ்ஜியம்.
சிரிப்பு வந்துவிட்டது.
ஜொகூரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவரை
இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஏணி காக் ரொஸ்னா வீட்டுடையது.
இடுப்பில் ஸ்பேனர்,
காலில் தர்வினின் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து,
சுடிதார் முனையை முடிந்துகொண்டு ஏறினேன்.
ஒன்பது மணிக்கே கொதித்தது தகரம்.

மேலே கிடந்தவை:
இரண்டு பூப்பந்து, ஒற்றைச் செருப்பு,
யாஷினி திருடிவிட்டதாக அமுதவல்லி அக்கா
தெருவுக்கே கேட்கச் சொன்ன பச்சைப் பந்து.
மூன்று வருடப் பேச்சுவார்த்தையின்மை
ஒரு தகர மடிப்பில் வெளிறிக் கிடந்தது.
எடுத்து அவர் வாசலைப் பார்த்து எறிந்தேன்.
கொஞ்சம் பலமாகத்தான்.

எல்லா வீட்டுத் தட்டுகளும் ஒரே பக்கம் அண்ணாந்து
காலைப் பெரட்டில் நிற்பதுபோல் நின்றன.
கோபுரம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.
மேற்கே மலை தெரிந்தது.
அதைப் பார்த்துத் திருப்பினேன்.

"வந்துச்சா?"
நான் யாஷினியிடம்.
யாஷினி ஜன்னல் வழியே தர்வினிடம்.
பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று
அதே வழியில் ஏறி வந்தது பதில்.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து காக் ரொஸ்னா,
"டாப்பாட்?"
"பெலும், காக்."
இரண்டு விரற்கடை இடது.
"பதினொண்ணு!"
இன்னும் ஒரு விரல்.
"போச்சு!"

முன்பெல்லாம் அரைகுறையாகவாவது தெரியும்.
புள்ளிமழைக்குள் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்,
முகத்தை நாமே போட்டு நிரப்பிக்கொள்வோம்.
இதில் அந்தச் சலுகை கிடையாது.
உண்டு, அல்லது இல்லை.
பதினாறு வருடம் நிரப்பிக்கொண்டிருந்தவளுக்கு
அது பிடித்திருந்தது.

ஸ்பேனர் நழுவியது.
பிடிக்கப்போன முழங்கை கம்பத்தில் இடித்தது.
வலியில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"வந்துச்சா?"

"யாஷினி, வந்துச்சா?"

ஜன்னலில் அவள் இல்லை.
உள்ளே ஒருத்தி மலாயில்
பாண்டான் கேக்குக்கு எத்தனை முட்டை என்று
சொல்லிக்கொண்டிருந்தாள்,
ஒரு தூசி இல்லாமல்.
பிறகு கார்ட்டூன். பிறகு பந்து விளையாட்டு.
பிறகு மறுபடியும் முட்டை.

சத்தம் கேட்டு வேலை முடிந்ததென்று நினைத்து
காக் ரொஸ்னா ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்.
கூப்பிட்டால் வருவார்.
நட்டை இறுக்கினேன், இன்னும் ஒரு சுற்று.
மலைப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது.
ஏரியலின் நிழல் மடியில் கோடு கோடாக விழ
ஒரு சப்பாத்தைக் கழற்றி,
அந்த ஒற்றைச் செருப்பைப் போட்டுப் பார்த்தேன்.

என் அளவு இல்லை.