மஞ்சள் கடுதாசி

பீன்யாவில் லேத் மெஷினை
அவர்கள் தூக்கிப்போன அன்று
நான் போர்வைக்குள் இருந்தேன்.
எழுந்திருக்க முடியாததற்கு
வக்கீலின் படிவத்தில் கட்டம் இல்லை.
சொத்து என்ற இடத்தில்
ஸ்கூட்டர் என்று எழுதி
அடித்தேன். அதுவும் அடகில்.

தினமும் ஒன்பதரைக்கு
வசூல்காரன் சேசுராஜ் கூப்பிடுவான்.
முதலில் கன்னடம்,
சூடேறினால் தமிழ்.
மானம், ரோஷம், பெண்டாட்டி தாலி
எல்லாவற்றையும் கேட்பான்.
ஒருநாள் நான் வாயே திறக்கவில்லை.
"சார், இருக்கீங்களா?"
கொஞ்சம் விட்டு, குரல் இறங்கி,
"இருக்கீங்களா சார்?"

கோர்ட் உத்தரவு வந்துவிட்டது.
இனி யாரும் கூப்பிடக் கூடாதாம்.
அமுதவல்லி நாலு மாதத்துக்குப் பிறகு
தலைக்குக் குளித்துப் பூ வைத்திருக்கிறாள்.
எனக்குப் பல் துலக்கவே
மதியமாகிறது.

ஆனாலும் ஒன்பதரைக்கு
விழிப்பு வந்துவிடுகிறது.
போன் முழு சார்ஜில் கிடக்கிறது.
இருக்கேன்ப்பா
என்கிறேன், மின்விசிறியைப் பார்க்காமல்.