கடைசிப் பீப்பாய்

மூன்றாவது நாளாக வெயில் இல்லை.
பேட்டரி அறைச் சுவரில் எண் இறங்குகிறது:
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.
குறித்து வைக்கிறேன். அதுதான் என் வேலை,
மேகத்தோடு வழக்காடுவது அல்ல.

இங்கே நின்று கல்லெறிந்தால்
ஒரு பக்கம் காயலில் விழும், மறுபக்கம் பசிபிக்கில்.
நடுவே, பன்றிப் பட்டிகளுக்குப் பின்னால்,
நூற்றுத் தொண்ணூறு தகடுகள்.
உப்புப் படியப் படியத் துடைக்கிறோம்
மழைத்தண்ணீரால். அதுவும் எண்ணித்தான்.

ஃபொலியாக்கி இருபத்திரண்டு வருடம்
டீசல் எந்திரம் ஓட்டியவர்.
இரவு பன்னிரண்டுக்கு விசையைக் கீழே தள்ளினால்
பிரசவ வலியும் சீட்டாட்டமும்
ஒரே இருட்டுக்குள் விழும்.
ஃபுனாஃபுட்டிக் கப்பல் வராத மாதங்களில்
ஏழு மணிக்கே தள்ளுவார்.
யாரும் அவரோடு சண்டை போட்டதில்லை.

தகடுகள் இறங்கிய அன்று அவர் கைகொடுக்கவில்லை.
"நாம் விடுகிற புகை
அவர்கள் ஊரில் ஒரு தெருவுக்குக் காணுமா?
நாம் நிறுத்தினால் கடல் ஏறாமல் நின்றுவிடுமா?"
நிற்காது.
அன்று என்னிடம் பதில் இல்லை.
இன்றும் பாதிதான் இருக்கிறது:
கடனைக் கேட்கப் போகிறவள்
அதே கடையில் எண்ணெய்க்கும்
புட்டியை நீட்டிக்கொண்டு நிற்க முடியாது.

முப்பத்தொன்று.
மழையில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.
ஒரு பீப்பாய் டீசல் மிச்சம் இருக்கிறது,
கொட்டகைச் சாவி அவர் இடுப்பில்.
கேட்டதும் எழுந்தார்.
கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

வீடு வீடாகப் போனார்.
போதகர் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து
"இந்தச் சூரைகளை இன்றைக்கே சுடலாம்" என்றார்.
சிலாஃபங்கா வீட்டில் பாதித் துணியோடு
சலவை எந்திரத்தை நிறுத்தினார்.
பள்ளியில் ஆளில்லாமல் சுற்றிய நான்கு விசிறிகள்.
எந்த வீடு எவ்வளவு குடிக்கும் என்று
எந்திரத்தின் முனகலில் படித்த காது,
எந்திரம் நின்ற பிறகும் மறக்கவில்லை.

மருத்துவ அறையில்
தடுப்பூசிப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டார்.
கதவில் உள்ளங்கையை வைத்து
அதன் நடுக்கத்தைச் சற்று நேரம் கேட்டார்.

ஊரெல்லாம் மீன் சுடும் வாசம்.
இருபத்தொன்பது.
இருபத்தொன்பது.
விடிகிறபோது இருபத்தேழு,
கிழக்கே ஒரு கீற்று.

பீப்பாயை ஏன் திறக்கவில்லை என்றேன்.
"மூடி துருப்பிடித்து இறுகிவிட்டது."

அந்த மூடியைப் பார்த்திருக்கிறேன்.
போன வாரம்தான் யாரோ
எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள்.